ஒத்த இரட்டையர் ஏன் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை?

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் ஏன் நோய் வருகிறது, குணமும் ஏன் வேறாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு காரணம் சூழல். சூழல் என்றதும் வளர்ப்பு, பள்ளி, நண்பர்கள் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அது கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. ஒத்த இரட்டையரில் பெரும்பாலோர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதிலிருந்து இரத்தம் இருவருக்கும் சமமாகப் போகாவிட்டால் ஒரு குழந்தை எடை குறைந்து பிறக்கும். கைரேகைகூட இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

அப்புறம், மரபணு ஒன்றாக இருந்தாலும் அது இயங்கும் விதம் மாறலாம். டி.என்.ஏ.வின் மேல் மீத்தைல் என்னும் சிறு வேதிக்குறிகள் ஒட்டிக்கொண்டு சில மரபணுக்களை அடக்கிவைக்கும். உதாரணமாக, புகைபிடித்தால் இந்தக் குறிகள் மாறும். 2005-இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், இளம் இரட்டையரிடம் இவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. வயதானவர்களிடம், அதிலும் நெடுநாள் பிரிந்து வாழ்ந்தவர்களிடம், வேறுபாடு நன்றாகவே கூடியிருந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான சான்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று: விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 340 நாள் விண்வெளியில் இருந்தபோது, இரட்டைச் சகோதரர் மார்க் பூமியில் இருந்தார். ஸ்காட்டின் மரபணு இயக்கம் பல வகையில் மாறியது. திரும்பியபின் பெரும்பகுதி பழைய நிலைக்கு வந்தது.

சரி, எல்லாமே சூழலா? இல்லை. கரு வளரும்போது தற்செயலாக நேரும் மரபணுப் பிறழ்வுகளும் உண்டு. ஐஸ்லாந்தில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வின்படி, ஒத்த இரட்டையரிடையே சராசரியாக 5 பிறழ்வுகள் இப்படி வேறுபடுகின்றன.