வீட்டைச் சபைக்குக் கொடுக்க விருப்பம்: உயில் எழுதுவதா, இப்போதே பத்திரம் போடுவதா?

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு வீட்டைக் கொடுக்க நினைக்கிறீர்கள், ஆனால் கடைசிவரை அதிலேயே குடியிருக்கவும் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் உயில் வேண்டாம், இப்போதே தானப் பத்திரம் எழுதுங்கள். நெருங்கிய உறவுள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதும் உயில், இறப்புக்கு 12 மாதம் முன்பே எழுதியிருந்தால்தான் செல்லும் என்ற பழைய தடையை (வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 118) உச்ச நீதிமன்றம் 2003-ல் நீக்கிவிட்டது. ஆனாலும் உயிலென்றால் வழக்குக்கு வழி இருக்கிறது. உங்கள் கொடையால் ஒரு பிள்ளை படிப்பதை நீங்களே பார்க்கவும் முடியாது.

முதலில் வீடு முழுக்க உங்களுடையதா என்று பாருங்கள். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் பொதுவாகத் தாயாருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மகன், மகள் எல்லாருக்கும் சமம். பாகம் பிரிக்காத வீட்டில் உங்கள் பங்கை மட்டுமே கொடுக்க முடியும். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வையுங்கள்.

பெரும் தவறு நடப்பது பெறுபவர் பெயரில். குருவானவர் பெயரிலோ, சேகர (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டார) செயலர் பெயரிலோ எழுதவே கூடாது. அவர்கள் மாறிப் போவார்கள், சொத்து அவர்கள் வாரிசுக்குப் போய்விடும். சி.எஸ்.ஐ. சொத்துகளை வைத்திருப்பது 1947-ல் கம்பெனியாகப் பதிவான தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன். அதன் பெயரில், எந்தச் சேகரத்தின் பயனுக்கு, எந்தக் காரியத்துக்கு என்று குறித்து எழுதுங்கள்.

இன்னொன்று, ஏற்பு. நீங்கள் உயிரோடிருக்கும்போதே டிரஸ்ட் அசோசியேஷன் தானத்தை ஏற்க வேண்டும். இல்லையென்றால் சட்டப்படி அது தானமே இல்லை. திருமண்டல (பேராயரின் கீழ் பல சேகரங்களை நடத்தும் நிர்வாகத்தின்) ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், உடம்பு நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். பத்திரத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவும் கட்டாயம். நடக்க முடியாதவர் தனிக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட்டுக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை சபைக்குக் கிடைக்காது. அந்தப் பணத்தையும் கணக்கில் வையுங்கள்.

"என் ஆயுள்வரையிலும், எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள்வரையிலும் குடியிருக்கும் அனுபவ பாத்தியம்" (வீட்டை அனுபவிக்கும் உரிமை) என்ற வரி பத்திரத்தில் இருக்கட்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் இப்படி அனுபவத்தை வைத்துக்கொண்டு கொடுத்த தானமும் செல்லும் என்றது. இந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்' என்று காணிக்கையாக்கியவர்களை இயேசு கண்டித்தார். ஆகவே மனைவியின் மருத்துவச் செலவுக்கு வேறு பணம் ஒதுக்கிய பிறகே பத்திர எழுத்தரைப் பாருங்கள்.