உளி நகரும்போதே துளிர்க்கும் பால்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டினார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். நான் மரப்பட்டையில் கோடு போட்டால் உளி நகரும்போதே பால் துளிர்த்துவிடும். அம்மா வெட்டுவதை நின்று பார்த்தால் கொஞ்சம் தாமதித்து வருவதுபோல் இருக்கும். அதே மரம், அதே உளி. இது வெறும் பிரமையா?

வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தங்கைக்கு,

பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கு நேர்ந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு மிக அருகில் ஓர் ஆய்வு இருக்கிறது.

2002இல் லண்டனில் பேட்ரிக் ஹேகார்டும் உடனிருந்தவர்களும் செய்தது. சுழலும் கடிகார முள்ளைப் பார்த்தபடி ஒரு விசையை அழுத்த வேண்டும். 250 மில்லிநொடி கழித்து ஓர் ஒலி கேட்கும். அழுத்தியபோது முள் எங்கே இருந்தது, ஒலி கேட்டபோது எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். தாமாக அழுத்தியவர்களுக்கு அழுத்தம் 15 மில்லிநொடி பிந்தியும் ஒலி 46 மில்லிநொடி முந்தியும் தோன்றின. செயலும் விளைவும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துவிட்டன! மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டி விரலைத் துள்ளவைத்தபோதோ, அதே இடைவெளி விரிந்தது.

2008இல் ஹேகார்டும் ஜேம்ஸ் மூரும் இன்னொன்று கண்டார்கள். அழுத்தினால் ஒலி பெரும்பாலும் வரும் என்று பழகியவர்களுக்கு, ஒலி வராத தடவையிலும் அழுத்திய நேரம் பிந்தியே தெரிந்தது. வரப்போவதை எதிர்பார்த்ததே போதுமாக இருந்தது. பால் வற்றிய மரத்தில் உளி வைத்திருக்கிறீர்களா? அப்போதும் உங்கள் கை பாலை எண்ணித்தானே இறங்கியிருக்கும்.

அம்மா வெட்டினாலும் பால் வரும் என்பது உங்களுக்குத் தெரியுமே, அப்போது ஏன் இடைவெளி சுருங்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்போதும் சுருங்கியிருக்கலாம், குறைவாக. மார்க் புயேனர் 2012இல் ஒரு இயந்திரத்தை விசையை அழுத்தவிட்டுப் பார்த்தார். இது அதனால் வருகிறது என்று தெரிந்தாலே இடைவெளி ஓரளவு சுருங்குகிறது. தானே அழுத்தினால் இன்னும் அதிகம்.

என்னைத் தூங்கவிடாதது 2016இல் எமிலி காஸ்பர் குழுவினர் வெளியிட்டது. ஒருவர் மற்றவருக்கு வலியோ பண இழப்போ தர வேண்டிய சோதனை. சுயமாக முடிவெடுத்து அழுத்தியபோது குறுகித் தெரிந்த இடைவெளி, ஆணைக்குக் கீழ்ப்படிந்து அழுத்தியபோது நீண்டு தெரிந்தது. விரல் அதேதான், விசையும் அதேதான். அதைப் படித்ததும் எனக்கு இருட்டில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, நின்ற நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஆய்வறையின் மில்லிநொடிகளை அவர்கள் வாழ்நாளின் மேல் அப்படியே ஏற்றிவைப்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அம்மாவிடம் கேளுங்கள்: வேலையை மேற்பார்க்கும் தண்டல் முதுகுக்குப் பின்னால் நின்ற நாளில் பால் எப்படி வந்தது, யாருமில்லாத மரவரிசையில் எப்படி வந்தது? அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எனக்கு எழுதுங்கள்.