மகள் பாலியல் நல ஆய்வுக்குப் போகிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், அடுத்துப் பொதுச் சுகாதாரம் படித்து இளம் வயதினரின் பாலியல் நலம் குறித்து ஆய்வு செய்யப் போகிறாளாம். "இதை உறவுக்காரர்களிடம் எந்த வாயால் சொல்வேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் முதலில் அவள் செய்யப்போகும் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம்.

2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 20–24 வயதுப் பெண்களில் 23.3 விழுக்காட்டினருக்கு 18 வயது நிறைவதற்குள் திருமணம் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் அது 12.8 விழுக்காடு. நாடு முழுவதும் 15–19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர் ஏற்கெனவே தாயாகியிருந்தார்கள் அல்லது கருவுற்றிருந்தார்கள். யாரோ ஒரு பெண் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டதால்தான் இந்த எண்கள் நமக்குக் கிடைத்தன.

கேட்பது அவ்வளவு எளிதில்லை. 2006–07இல் மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 50,000க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடத்தின. நேருக்கு நேர் கேள்விகள் முடிந்ததும், திருமணத்துக்கு முன் உடலுறவு அனுபவம் உண்டா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். பதிலைத் தானே குறித்து, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுக்க வேண்டும். பேட்டி எடுத்தவர் அதைத் திறக்கக் கூடாது. முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லிவிட்டு உறைக்குள் உண்மையைச் சொல்கிறவர்களும் உண்டு என்பதால்தான் இந்த ஏற்பாடு. பேட்டியின் நடுவே மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், சட்டென்று ரத்தசோகை, சாப்பாடு என்று பேச்சை மாற்றத் தெரிய வேண்டும். உங்கள் மகள் கற்கப்போகும் தொழில் நுணுக்கம் இப்படிப்பட்டதுதான்.

பின்னர் இதே பாப்புலேஷன் கவுன்சில் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் 'உதயா' என்ற ஆய்வை நடத்தியது. 2015–16இல் பேசிய அதே பிள்ளைகளை 2018–19இல் மறுபடி தேடிப்போய்ச் சந்தித்தார்கள். இடையில் பள்ளியை விட்டது யார், யாருக்குத் திருமணம் ஆனது, அதன் பின்விளைவு என்ன என்று இப்படிப் பின்தொடர்ந்தால்தான் தெரியும். இந்த வகை ஆய்வின்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசினால் கெட்டுப்போவார்கள் என்று பயந்திருக்கிறீர்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் இளைஞர்களின் பாலுறவு அதிகரிப்பதில்லை என்று தெளிவாகவே சொல்கிறது.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 18 வயதுக்குட்பட்டோரிடம் ஆய்வு செய்தால் பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் இசைவும் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ஆம் ஆண்டு நெறிமுறை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு நேர்ந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். உன்னை நம்பிச் சொல்கிறேன் என்று தொடங்கும் பதினாறு வயதுப் பெண்ணிடம், ரகசியம் காக்கும் வாக்குறுதிக்கு எல்லை எது என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனவே, நெறிமுறைப் பயிற்சியைப் பெயரளவில் நடத்தும் நிறுவனத்தில் மகளைச் சேர்க்காதீர்கள். கேள்விப்பட்ட துயரங்களைத் தூக்கிக்கொண்டு தனியாக விடுதி அறைக்குத் திரும்பும் இளம் ஆய்வாளருக்குத் துணை நிற்க மூத்த வழிகாட்டி இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

இப்போது உறவினர் விஷயம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவியிடம், நம் நாட்டில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்க்கலாம் என்றார் பேராசிரியர் சுனிதி சாலமன். நிர்மலா சிற்றூரில், கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்தவர். முதலில் தயங்கினார். பிறகு பாலியல் தொழிலாளர்களிடம் பேசி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். ஊக்கம் கொடுத்த கணவரே இரவு ரயிலில் உடன்வர, மாதிரிகளை எடுத்துக்கொண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. உங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து வந்த பெண் செய்த வேலை அது. கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும்தான்.

படிக்கும் இடங்களைப் பொறுத்தவரை, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை நிலையத்தின் அச்சுத மேனன் மையம், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு உண்டு. தகுதி விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அறிவிப்பை நேரடியாகப் படியுங்கள். பெயரைப் பார்ப்பதைவிட, புள்ளியியலும் நோய்ப்பரவியலும் எத்தனை பருவம் நடத்துகிறார்கள், மாணவர் தானே வடிவமைத்த கள ஆய்வு உண்டா என்று பாருங்கள். வருமானம் பற்றி மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். புள்ளியியலில் கைதேர்ந்தவர்களுக்கு அந்த இடைவெளி குறைவு. ஆகவே அதில் அவள் பலமாக இருக்கட்டும்.

2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை மையங்கள் இயங்குகின்றன. படிப்பு முடிவதற்குள், கல்லூரியில் சமூக நலச் செவிலியம் நடத்தும் ஆசிரியை மூலம் அனுமதி வாங்கி, அங்கே அவள் சில வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். வெள்ளைப்படுதல், மாதவிடாய் வலி, காதலனின் வற்புறுத்தல் என்று வரும் பிள்ளைகளின் பேச்சை முகம் மாறாமல் கேட்க முடிகிறதா என்று அவளே தெரிந்துகொள்வாள். முடிந்தால், அங்கே அவள் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எம்.பி.எச். விண்ணப்பத்துக்கான நோக்கக் கட்டுரையை அதிலிருந்தே தொடங்கலாம்.