வீட்டில் சொல்லிவிட்டீர்களா? உறுப்புக் கொடை குறித்த கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையில் ஒரு மருத்துவமனையில் 11 ஆண்டுகள் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், சற்று முன்புதான் இழப்புச் செய்தியைக் கேட்ட குடும்பத்தாரிடம் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்பது என் வேலை. நான் மருத்துவர் அல்லன். ஆகவே சிகிச்சை பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள் என்பதால் அவற்றைச் சேர்த்தே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை): கல்லூரி நாளிலேயே உறுதிமொழி அட்டை வாங்கிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். அது போதுமா?

போதாது. 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நீங்கள் எழுதித் தரும் உறுதிமொழிக்கு மதிப்பு உண்டு. அதற்கான படிவம் 7-இல் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், அவர்களில் ஒருவர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்பதும் விதி. இப்போது தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் (NOTTO) இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டும் பதிவு செய்யலாம். ஆனால் நடைமுறையில், குடும்பத்தார் வேண்டாம் என்றால் அதை மீறி உறுப்பெடுக்க எந்த மருத்துவமனையும் துணியாது. அட்டை உங்கள் பணப்பையில் இருக்கும். பணப்பை விபத்து நடந்த இடத்திலோ காவல் நிலையத்திலோ இருக்கும். முடிவெடுக்க வேண்டிய உங்கள் கணவரோ அண்ணனோ, நீங்கள் இப்படி ஒன்று எழுதி வைத்ததையே அறியாமல் என் முன்னால் நிற்பார். அவர்கள் என்னிடம் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, பெரும்பாலும், ‘அவள் என்ன நினைத்திருப்பாள்?’ என்பதாகத்தான் இருந்தது. அதற்கு விடை தெரிந்த குடும்பங்கள் கால் மணி நேரத்தில் முடிவெடுத்தன. தெரியாதவர்கள் ஊரிலிருந்து பெரியப்பா வரட்டும் என்று காத்திருந்தார்கள். பெரியப்பா வந்து வேண்டாம் என்றார். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு, கணினிப் பொறியாளர்): என் மாமா 16 நாள் கோமாவில் கிடந்து எழுந்து வந்தார். மூளைச்சாவு என்று சொன்னவர்களும் அப்படி எழுந்து வரமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி?

உங்கள் மாமா எழுந்து வந்ததில் மகிழ்ச்சி. அவருக்கு ஏற்பட்டது மூளைச்சாவு அன்று. கோமாவில் இருப்பவருக்கு மூளைத்தண்டு உயிரோடு இருக்கும். மூச்சுவிடு என்ற கட்டளை அங்கிருந்துதான் பிறக்கிறது. மூளைச்சாவில் அந்தத் தண்டே செத்துவிடுகிறது. கண்மணியில் வெளிச்சம் அடித்தால் சுருங்காது, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமைக்காது, காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தினாலும் கண் அசையாது, தொண்டைக் குழாயைத் தூண்டினாலும் இருமல் வராது. கடைசியாக வென்டிலேட்டரை நிறுத்தி, ஆக்ஸிஜனை மட்டும் குழாய் வழியாகச் செலுத்திக்கொண்டு, இரத்தத்தில் கரியமில வாயுவை ஏறவிட்டுப் பார்ப்பார்கள். உயிருள்ள மூளைத்தண்டு அந்த அளவுக்கு வாயு ஏறுவதைப் பொறுக்காது. மூச்சை இழுத்தே தீரும். இழுக்கவில்லை என்றால் அங்கே யாரும் இல்லை.

இந்தச் சோதனைகளை நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், இரண்டு முறை செய்து கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக் குழுவில் உள்ள எவரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் மக்களைத் தடுமாற வைப்பது, மார்பு ஏறி இறங்குவதும் கை சூடாக இருப்பதும்தான். இதயத்துக்குத் துடிப்பு இதயத்திலேயே உண்டாகிறது, மூளையின் ஆணைக்காக அது காத்திருப்பதில்லை. ஆக்ஸிஜன் கிடைக்கும் வரை துடிக்கும். இதை நான் நூறு முறை விளக்கியிருக்கிறேன். சூடாக இருக்கும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு இந்த விளக்கம் எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதையும் அறிவேன். அதனால்தான் இரண்டாம் சோதனையின்போது குடும்பத்தில் ஒருவரை உள்ளே நின்று பார்க்கச் சொல்வது எங்கள் வழக்கமாக இருந்தது.

கேள்வி (காரைக்குடி): எனக்கு 72 வயது, சர்க்கரை நோய் உண்டு. என் உறுப்புகள் யாருக்கும் பயன்படுமா?

பதிவு செய்யுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். எது பயன்படும் என்பதை அன்றைக்கு மருத்துவர் பார்த்துக்கொள்வார். சிறுநீரகம் ஆகாவிட்டாலும் கருவிழி ஆகலாம்.

கேள்வி (மதுரை): உறுப்புக் கொடையாளர் என்று தெரிந்தால் மருத்துவர்கள் நம்மைக் காப்பாற்ற முயலாமல் விட்டுவிடுவார்களாமே?

இதையே இன்னும் எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள். அவசரப் பிரிவில் உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு நீங்கள் பதிவு செய்தவரா என்பது தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. மேலும், மூளை செத்து, மற்ற உறுப்புகள் நல்ல நிலையில் இருக்கும் ஒருவரே கொடையாளர் ஆக முடியும். சிகிச்சையை அலட்சியமாகச் செய்தால் இரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் கெடும், கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கெட்ட எண்ணமுள்ள மருத்துவர் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் அவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

கேள்வி (நாகர்கோவில்): இதயம், கல்லீரல் எல்லாம் சரி. கண்ணை மட்டும் கொடுக்க மனம் ஒப்பவில்லை. இது முட்டாள்தனமா?

இல்லை. படிவத்தில் எந்தெந்த உறுப்பு என்று குறிப்பதற்கு இடம் இருக்கிறது. கண்ணை விட்டுவிட்டு மற்றவற்றைக் குறியுங்கள். காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். உடலின் ஆழத்தில் இருக்கும், யாரும் ஒரு நாளும் பார்த்திராத இதயத்தைத் தயங்காமல் கொடுப்பவர்கள், நம்மைப் பார்த்த கண் என்று வரும்போது பின்வாங்குவதை நிறையவே கண்டிருக்கிறேன். என் தாயார் மறைந்தபோது எனக்கும் அந்தத் தயக்கம் வந்தது. இத்தனை குடும்பங்களிடம் கேட்டவன் என்ற வெட்கம்தான் என்னைச் சம்மதிக்க வைத்தது. ஒரு தகவலை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் எடுப்பது கருவிழி என்ற மெல்லிய படலத்தைத்தான்; முழுக் கண்ணையும் எடுத்தாலும் முகம் மாறாதபடி சரிசெய்துவிடுவார்கள். கண் கொடைக்கு மூளைச்சாவு தேவையில்லை. வீட்டில் இயல்பாக இறந்தவரிடமிருந்தும் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கலாம். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்திருந்தால் போதும்.

அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்று பாட்டி சொல்வதாக எழுதிய கும்பகோணத்துக்காரருக்கு: கண்ணைப் பிடுங்கி அப்பிய கண்ணப்பருக்குப் பாட்டி எந்தக் கதி சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (சேலம், விசைத்தறித் தொழிலாளி): அரசு மருத்துவமனையில் கிடக்கும் ஏழையின் உறுப்பை எடுத்துத் தனியார் மருத்துவமனையில் இருக்கும் பணக்காரருக்கு வைக்கிறார்கள். நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?

வந்தவற்றில் நேர்மையான கேள்வி இது. மூளைச்சாவு அடைபவர்களில் பெரும் பங்கு சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர்கள். தலைக்கவசமின்றி இரு சக்கர வண்டியில் போகிறவர் யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பெறுவோர் பட்டியலைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் வைத்திருக்கிறது. இரத்த வகை, காத்திருப்பு வரிசை, நோயின் தீவிரம் ஆகியவற்றின்படிதான் பெயர் வரும், பணத்தின்படி அன்று. சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை போன்றவற்றில் உறுப்பு மாற்று நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. ஆனால் இதய மாற்று போன்றவை பெரும்பாலும் தனியாரிடமே நடக்கின்றன என்பதை மறைக்க மாட்டேன்.

அவரே மீண்டும்: பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கே பரிசோதனைச் செலவு உண்டு. மாற்றிய பிறகு ஆயுள் முழுக்க மருந்து. கூலிக்காரன் பட்டியலுக்குள்ளேயே வர முடியாதபோது வரிசை நேர்மையாக இருந்து என்ன பயன்?

ஒப்புக்கொள்கிறேன். வரிசை நேர்மையாக இருந்தாலும் வாசல் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறந்திருக்கவில்லை. 2018-இல் வெளிநாட்டவருக்கு இதயங்கள் போனது குறித்துத் தமிழகத்தில் எழுந்த கேள்விகளும் காற்றில் பிறந்தவை அல்ல. மாநிலத்தவர், பிற மாநிலத்தவர், அதன் பிறகே வெளிநாட்டவர் என்ற வரிசை இருந்தும், உள்ளூரில் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை என்ற பதில் எப்படி அடிக்கடி வந்தது என்று கேட்பது நியாயமே.

குறுக்கிட்டவர் (கோயம்புத்தூர், சிறுநீரகம் பெற்றவர்): அதற்காக உறுப்பைச் சுடுகாட்டில் எரித்துவிடலாமா? நான் பணக்காரன் அல்ல. நான்கு ஆண்டுகள் டயாலிசிஸில் கிடந்தேன்.

இருவருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். சேலத்துக்காரர் சொல்வது போல் ஏழைகள் எல்லோரும் மறுத்தால் பணக்காரர் சிறுநீரகம் இல்லாமல் இருந்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். அவர் உயிரோடிருக்கும் ஏழையிடம் வருவார். சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். 2025-இல் பள்ளிபாளையத்தில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் தேடி வந்ததும் அப்படித்தான். உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள், ஐயா. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தரகருக்கும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருந்தும் இது நடக்கிறது. தரகர் இல்லாத வீடுகளில் யார் கொடுக்கிறார்கள் என்றும் பாருங்கள்: உயிரோடு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மனைவியர், தாய்மார்; பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இறந்தவரிடமிருந்து கிடைப்பது கூடினால்தான் இந்த இரு வகைச் சுமையும் குறைய வழி உண்டு. 2024-இல் தமிழ்நாட்டில் இறந்தபின் உறுப்பளித்தவர்கள் 268 பேர். ஏழு கோடிப் பேர் வாழும் மாநிலம் இது. வாசலை அகலப்படுத்தச் சொல்லிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்; கையெழுத்தை மறுப்பதால் வாசல் அகலமாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சேலத்துக்காரர் மூன்றாவதாகவும் எழுதியிருக்கிறார்: ‘யோசிக்கிறேன், கையெழுத்துப் போட மாட்டேன்.’ அது அவர் உரிமை.

கேள்வி (விழுப்புரம்): உறுப்பளித்தவரின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை கொடுப்பது மறைமுகமான லஞ்சம் இல்லையா?

2023 செப்டம்பர் 23 அன்று அந்த அறிவிப்பு வந்தபோது எனக்கும் ஐயம் இருந்தது. குடிசை வாசலுக்கு மாவட்ட ஆட்சியர் வந்து மாலை வைப்பது, அதுவரை எந்த அதிகாரியும் தலை திரும்பிப் பார்க்காத குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதைப் பார்த்தபின் மனம் மாறினேன். ஆனால் சம்மதம் கேட்கும்போதே அதை எடுத்துச் சொல்லும் மருத்துவமனை ஊழியர் தவறு செய்கிறார். கையெழுத்துக்குப் பிறகே அந்தப் பேச்சு வர வேண்டும்.

கேள்வி (புதுக்கோட்டை): என் முழு உடலையும் கொடுக்க விரும்புகிறேன்.

அது உடல் கொடை. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையை அணுகுங்கள். பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், கண் தவிர மற்ற உறுப்புகளை எடுத்த உடலையும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அங்கும் உடலை ஒப்படைக்கப் போவது உங்கள் பிள்ளைகள்தான். அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா?

கேள்வி (கீழக்கரை): இஸ்லாத்தில் இது கூடுமா?

தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அறிஞர்களிடையே இரு கருத்தும் உண்டு. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது உயிரோடு கொடுப்பதையும் மூளைச்சாவுக்குப் பின் கொடுப்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கேள்வி (ஊர் குறிப்பிடவில்லை): என் சிறுநீரகத்தைக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும்?

சிறை கிடைக்கும். கடன்தான் காரணம் என்றால் மாவட்டச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்; தரகரிடம் போகாதீர்கள்.

கேள்வி (திண்டுக்கல்): கோமாவில் இருப்பவரிடம்…

ஈரோட்டுக்காரருக்கு எழுதிய பதிலைப் படிக்கவும். இதன்பின் வந்த கோமா கேள்விகள் அனைத்துக்கும் இதுவே பதில்.

கேள்வி (திருச்சிராப்பள்ளி): ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு மூளைச்சாவு என்றார்கள். அரை மணி நேரத்தில் ஒரு பெண் வந்து உறுப்புகளைக் கேட்டாள். கோபத்தில் விரட்டிவிட்டேன். இன்றுவரை அது அறுத்துக்கொண்டே இருக்கிறது.

அந்த இடத்தில் நின்று கேட்டவர்களில் ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2011-இல் சட்டம் திருத்தப்பட்டபின், மூளைச்சாவு ஏற்பட்டால் குடும்பத்தாரிடம் கேட்பது மருத்துவமனையின் கடமையாகிவிட்டது. அந்தப் பெண் கேட்டே ஆக வேண்டியிருந்தது. கேட்ட நேரம் தவறாக இருந்திருக்கலாம். முதல் செய்தி உள்ளே இறங்குவதற்குள் இரண்டாவதைச் சொன்னால் பலரும் உங்களைப் போலவே விரட்டுவார்கள். என்னை ஒருவர் சட்டையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். அவர்மேல் எனக்கு ஒருபோதும் வருத்தம் வந்ததில்லை. உங்கள் மனைவி இதைப் பற்றி உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்றால், தெரியாத ஒன்றை நீங்கள் மீறியிருக்க முடியாது. கொடுத்தவர்களிலும் பல ஆண்டுகள் கழித்து ‘கொடுத்தது சரிதானா’ என்று என்னைத் தொலைபேசியில் அழைத்தவர்கள் இருக்கிறார்கள். மறுப்பது சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை. அதற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி (தஞ்சாவூர், முதலில் கேட்ட ஆசிரியை): நேற்றிரவு வீட்டில் சொன்னேன். கணவர் சரி என்றார். அம்மா, ‘நான் இருக்கும்போது இந்தப் பேச்சு எதற்கு’ என்று சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இப்போது என்ன செய்வது?

இன்று ஒன்றும் செய்ய வேண்டாம். அம்மாவைச் சாப்பிட வையுங்கள். படிவம் 7-இல் உறவினர் சாட்சியாகக் கணவரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். தீபாவளி, பொங்கல் கழித்து அம்மாவிடம் மறுபடியும் பேசிப் பாருங்கள்.