கரையில நிக்கிற கப்பல்

கேள்வி: காரைநகர் நேவி முகாமை எஸ்எல்என்எஸ் (ஸ்ரீலங்கா நேவல் ஷிப்) எலாற எண்டு சொல்லுகினம். கடைசி எழுத்து "ஷிப்" எண்டா, கரையில கிடக்கிற முகாம் எப்பிடிக் கப்பலாகும்? பிரிட்டனில எச்எம்எஸ், இந்தியாவில ஐஎன்எஸ் எண்டு கப்பலுகளுக்குப் பட்டம் குடுக்கிற பழக்கம் எங்கயிருந்து வந்தது? (மானிப்பாய் வாசகர் ஒருத்தர்)

பதில்: பட்டமோ? அதைப் பற்றிக் கேக்க யாழ்ப்பாணத்தை விட நல்ல இடம் இல்லை. அண்டைக்கு ஒரு கலியாணக் கார்ட் வந்தது, மாப்பிள்ளையின்ர தகப்பனுக்கு முன்னால ஒரு வரி, பின்னால ரெண்டு வரி, அதுக்குக் கீழ பேரனார் என்னவா இருந்து பென்சன் எடுத்தவர் எண்டது, தாய்மாமன் ஜேபி (சமாதான நீதவான்), பெரியப்பா ஓய்வுபெற்ற அதிபர், எல்லாத்தையும் தாண்டித்தான் பொம்பிளையின்ர பேரைக் கண்டுபிடிச்சன். செத்தவீட்டு நோட்டீஸிலயும் இதே கூத்துத்தான். செத்த மனிசி என்ன செய்து பிள்ளையளை வளத்தது எண்டு ஒரு சொல் இராது, மூத்த மருமகன் லண்டனில என்ன உத்தியோகம் எண்டது மட்டும் கொட்டை எழுத்தில கிடக்கும். இதை எத்தினையோ தரம் இந்தப் பக்கத்தில எழுதியாச்சு. அச்சடிக்கிற ஆக்கள் என்னோட கோவம். கோவிக்கட்டும், நான் விடப்போறேல்லை.

கப்பலுக்கு முன்னால வாற எழுத்து வேற சாதி. இந்தக் கப்பல் ஆற்ற உத்தரவில ஓடுது, இதுக்குள்ள பிழை விட்டா ஆற்ற சட்டம் பிடிக்கும் எண்டதைத்தான் அது சொல்லுது. இங்கிலாந்தில முதல் நீட்டி முழக்கி "ஹிஸ் மஜெஸ்டிஸ் ஷிப்" எண்டு எழுதினவை, மன்னரின்ர கப்பல், அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டு முடியிற காலத்திலதான் அது எச்எம்எஸ் எண்டு சுருங்கினது. 2022இல எலிசபெத் மகாராணி செத்து சார்ள்ஸ் வந்தாப் பிறகு "ஹேர்" எண்டது "ஹிஸ்" ஆனாலும் ஒரு எழுத்துக்கூட மாத்தத் தேவைப்படேல்லை. அமெரிக்காவில ஆளுக்கொரு மாதிரி எழுதிக்கொண்டிருந்ததை 1907இல ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஒரே உத்தரவில யூஎஸ்எஸ் (யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஷிப்) எண்டு ஆக்கினவர். 1914 செப்டெம்பரில சென்னைக்குக் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனுக்கு முன்னால எஸ்எம்எஸ் எண்டு இருந்தது, கைசரின்ர, அதாவது ஜெர்மன் பேரரசரின்ர, கப்பல் எண்ட கருத்து. 1918இல கைசர் போக அந்த எழுத்தும் போட்டுது, அதால ரெண்டாம் உலகப் போரில ஓடின ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்குக்கு ஒரு எழுத்தும் கிடையாது. பிஸ்மார்க் எண்ட பேருக்கு முன்னால கேஎம்எஸ் எண்டு போடுறது பிறகு ஆக்கள் தாங்களா ஒட்டினது.

இனி காரைநகர். பிரிட்டிஷ் கடற்படைச் சட்டம் அந்த நாளில ஒரு கப்பலின்ர இடாப்பில பேர் இருக்கிற ஆளைத்தான் பிடிக்கும். அப்ப கரையில பள்ளிக்கூடம், ஸ்டோர், பரக்ஸ் எண்டு வச்சிருந்தா அங்க நிக்கிற ஆளை எந்தச் சட்டத்தில கட்டுறது? அதுக்கு அவை கண்ட வழி, கட்டடத்தையே கப்பல் எண்டு பதிஞ்சு பேர் வச்சிட்டினம். இதிலயும் பெரிய விசயம் 1804இல கரிபியன் கடல்ல மாட்டினிக் தீவுக்குப் பக்கத்தில நடந்தது, கடலுக்க செங்குத்தா நிண்ட ஒரு பாறையில பீரங்கியளை ஏத்தி வச்சு, அந்தப் பாறையையே எச்எம்எஸ் டயமண்ட் றொக் எண்டு போர்க்கப்பலாப் பதிஞ்சு, அடுத்த வருசம் பிரெஞ்சுக்காரர் பிடிக்கும்வரைக்கும் வச்சிருந்தவை. பாறை! திருகோணமலையில முந்தி இருந்த பிரிட்டிஷ் கரைத்தளத்துக்கும் எச்எம்எஸ் ஹைபிளையர் எண்டு பேர். அந்த வழக்கம்தான் எங்கட காரைநகர்வரைக்கும் வந்து எலாற எண்டு எல்லாளன்ர பேரோட நிக்குது. பிரிட்டிஷ் நேவியில இப்பவும் கரைத்தளத்தின்ர வாசலால வெளிய போறதை "கரைக்குப் போறது" எண்டுதான் சொல்லுவினம்.

இலங்கைக்கு முதல் எழுத்து எஸ்எல்என்எஸ் இல்லை, எச்எம்சிவைஎஸ், மகுடத்தின்ர சிலோன் கப்பல் எண்ட கருத்து. கனடாக்காரர் எச்எம்சிஎஸ் எண்டு வச்சிருந்ததால சிலோனுக்கு இடையில ஒரு வை. 1972இல குடியரசானாப் பிறகுதான் இப்ப இருக்கிறது வந்தது. கஜபாகு எண்ட கப்பலைப் பாருங்கோ, கனடாவில எச்எம்சிஎஸ் ஹலோவெல் ஆப் பிறந்து, இஸ்ரேலிட்டப் போய், 1959இல சிலோனுக்கு வந்து, 72இல திரும்பவும் எழுத்து மாறி, கடைசி மட்டும் அதே இரும்புதான். கை மாறினா எழுத்தைக் கழட்டிப்போட்டுத்தான் போகவேணும். எங்கட ஆக்கள் பென்சன் எடுத்து முப்பது வருசத்துக்குப் பிறகும் கழட்டமாட்டினம்.

டைட்டானிக்கை எச்எம்எஸ் எண்டு எழுதுற நண்பருக்கும் இதுக்குள்ளயே சொல்லுறன், உங்களோட எத்தினை தரம் சண்டை பிடிச்சாச்சு. அது ஆர்எம்எஸ். அரச தபால் கொண்டுபோக ஒப்பந்தம் எடுத்த பயணிகள் கப்பல், நேவிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எஸ்எஸ் எண்டா நீராவிக் கப்பல், எம்வி எண்டா எஞ்சின்ல ஓடுற மோட்டர்க் கப்பல். இதுகள் கொம்பனியள் போடுற எழுத்து, ஒரு அரசின்ர உத்தரவும் அதுக்குள்ள இல்லை.

எழுத்தே இல்லாமல் போன ஒரு கப்பலை நாங்கள் மறக்கிறதுதான் எனக்கு நெஞ்சு கொதிக்கிற விசயம். வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி, பாய்க்கப்பல். ரொபின்சன் எண்ட அமெரிக்கர் வாங்கித் தன்ர மனிசியின்ர பேரை வச்சு புளோரன்ஸ் சி. ரொபின்சன் ஆக்கினவர், வல்வெட்டித்துறை ஆக்கள்தான் சுயஸ் தாண்டி அத்திலாந்திக் தாண்டி ஓட்டி, 1938 ஆகஸ்டில மசசூசெட்ஸில குளொஸ்டர் துறைமுகத்தில கொண்டுபோய்க் கட்டினவை. பேப்பர்ல அமெரிக்கப் பேரோடதான் போய் இறங்கினது. கூடப் பிறந்த மற்றக் கப்பலுகள், பர்மாவுக்கும் இந்தியக் கரைக்கும் சாமான் ஏத்தி ஓடின வத்தையள், அதுகளின்ர பேரெல்லாம் எந்த இடாப்பில கிடக்கு? ஜேபி மாமாவின்ர படிப்பை அச்சடிக்கிற வீட்டில, பூட்டன் ஏறிப்போன கப்பலின்ர பேரைக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறைப் பக்கத்து வாசகரே, வீட்டில பழைய சுங்கத் துண்டு, தண்டையல் (கப்பல் தலைவர்) எழுதின கடிதம், கப்பலோட நிண்டு எடுத்த படம் ஏதும் கிடந்தா ஒரு கொப்பி எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ. கப்பலின்ர பேர், கட்டின இடம், ஓடின ஆற்ற பேர், இந்த மூண்டும் தெரிஞ்சாப் போதும், போடுறன்.