மகரக்கட்டு நேரத்தில் மகனை இசைப் போட்டியில் பாட வைக்கலாமா?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்துகொண்டிருக்கிறது என்றும், பள்ளி மாணவர்களுக்கான கலைப் போட்டியான கலா உத்சவின் மாவட்டப் போட்டியில் கர்நாடக வாய்ப்பாட்டுக்குப் பள்ளியில் பெயர் கொடுத்தாகிவிட்டது என்றும், இப்போது விலகிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விலக வேண்டாம் என்பதே என் பதில். தொண்டையில் வலியோ வாரக்கணக்கில் நீடிக்கும் கரகரப்போ இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பாடட்டும். ஆனால் போன வருடம் பாடிய சுருதியில், போன வருட உருப்படியையே, அதே பாட்டையே, பாட வேண்டாம்.

"நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான், குரல் போய்விட்டதே" என்று இந்நேரம் உறவினர்கள் உங்களிடம் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். குரல் எங்கும் போகவில்லை. பையன்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனால் பேச்சுக் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'வுக்கும் அடுத்த 'ஸ'வுக்கும் உள்ள தூரம்) கீழே இறங்குகிறது. பெண் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறத்தான் செய்கிறது, ஆனால் அந்த மாற்றம் சிறியது என்பதால் மேடையில் பெரும்பாலும் தெரிவதில்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில், சிறுவர்களை நடிக்க வைத்த நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த பையனின் வேஷமே பறிபோகும் நிலை இருந்தது. நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், குரல் உடையும் பையனை மேடையிலிருந்து இறக்கிவிட நினைக்கும் மனம் நம்மிடம் மாறவில்லை என்பதே என் வருத்தம்.

என் மகன் எட்டாம் வகுப்பு வரை ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்தவன் (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும்). பைரவி அட தாள வர்ணமான 'விரிபோணி'யை இரண்டு காலத்திலும் தயங்காமல் பாடுவான். ஒன்பதாம் வகுப்பில் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வைத் தொடும்போதெல்லாம் குரல் பிசிறி இரண்டாகப் பிரிந்தது. அவனுடைய குரு பதற்றப்படவில்லை. சுருதிப் பெட்டியைப் படிப்படியாக இறக்கி இரண்டு கட்டையில் நிறுத்தினார். வர்ணத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் மந்திர ஸ்தாயி அகார சாதகத்தை, அதாவது கீழ் ஸ்வரங்களை 'ஆ' என்று பாடும் பயிற்சியை மட்டும் மெல்லிய குரலில் செய்ய வைத்தார். ஒரு சபா நடத்திய பள்ளி மாணவர் போட்டிக்கு அவர் தேர்ந்தெடுத்தது, சித்தரஞ்சனி ராகத்தில் தியாகராஜர் செய்த 'நாத தனுமனிசம்'.

அந்தத் தேர்வின் நுட்பத்தை விளக்கியாக வேண்டும். சித்தரஞ்சனி, நிஷாதாந்திய ராகங்களில் ஒன்று. அதாவது ராகத்தின் சஞ்சாரம் நிஷாதமாகிய 'நி'யோடு நின்றுவிடும், தார ஷட்ஜமாகிய மேல் 'ஸ'வுக்கு ஏறாது. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை ஆகியவையும் இந்த வகையே. மேல் ஸ்தாயியில் குரல் எப்போது உடையுமோ என்ற பயம் இல்லாமல், ஏழு ஸ்வரங்களுக்குள்ளேயே முழுமையான ஒரு உருப்படியைப் பையன் பாடி முடிக்க முடிகிறது. அந்தக் கிருதியின் சரணத்தில் 'ஸரிகமபதநி' என்று ஸ்வரங்களின் பெயர்களே சாகித்தியமாக வரும். அந்த இடத்தை அவன் அழுத்தாமல், ஒவ்வொரு ஸ்வரத்தின் மீதும் நின்று பாடிப் பழகினான். இது எளிய பாட்டு, போட்டிக்கு எடுபடாது என்று சிலர் சொல்லக்கூடும். சுருதி சேர்ந்து இதைப் பாடிக் காட்டுவது எத்தனை கடினம் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும்.

போட்டி நாளன்று இடைஞ்சல் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அவனுக்கு முன்னால் பாடிய மாணவியர் எல்லோரும் ஐந்து, ஐந்தரைக் கட்டை. வயலின் வாசித்த பெரியவர் முகம் சுளிக்காமல் தந்திகளை முறுக்கும் பிருடைகளைத் திருகி, ஒவ்வொரு தந்தியாக மீட்டிப் பார்த்து, சுருதியை மாற்றிக்கொண்டார். மிருதங்கத்தை அப்படி மாற்ற முடியாது. அதன் வலப்பக்கமான வலந்தலையை அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை அளவுக்கு ஏற்றி இறக்கலாமே தவிர, ஐந்து கட்டைக்கான, உயர்ந்த சுருதியுள்ள ஹெச்சு மிருதங்கத்தை இரண்டு கட்டைக்குக் கொண்டுவர இயலாது. அதற்குத் தாழ்ந்த சுருதியுள்ள, நீளமான தக்கு மிருதங்கம் தனியாக வேண்டும். அமைப்பாளர்கள் ஒன்றுதான் வைத்திருந்தார்கள். "இன்னும் நிறையக் குழந்தைகள் காத்திருக்கிறார்கள், சற்று ஏற்றியே பாடச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். குரு எழுந்து நின்று, "அவன் தொண்டையைக் கெடுத்துப் பரிசு வாங்க வேண்டியதில்லை. மிருதங்கம் இல்லாமல் பாடுவான்" என்றார். அப்படியே வயலினும் சுருதிப் பெட்டியும் மட்டும் துணையிருக்க, கையில் ஆதி தாளத்தைப் போட்டுக்கொண்டு அவன் பாடி முடித்தான். ஓரிடத்திலும் சுருதி விலகவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை.

பரிசு கிடைக்கவில்லை, அது குறையே இல்லை. நடுவர்களில் ஒருவர் "குரல் சரியில்லை, வாத்தியம் ஏதாவது கற்றுக்கொள்" என்று அவனிடம் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. குரல் மாறும் வயதில் இப்படிப் பேசிப் பேசியே எத்தனையோ பையன்களை வாய்ப்பாட்டிலிருந்து வெளியேற்றியிருக்கிறோம். பரிசு பெற்ற மாணவியர் மீது எனக்குப் பொறாமை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர்கள் அருமையாகப் பாடினார்கள், பரிசு அவர்களுக்கே உரியது. நான் கேட்பதெல்லாம், குரல் நிலைத்துவிட்டவரையும் மாறிக்கொண்டிருப்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, குரலின் கனத்துக்கு மதிப்பெண் போடுவது என்ன நியாயம் என்பதே. கலா உத்சவில் 2020ஆம் ஆண்டு மாணவர்களுக்கும் மாணவியருக்கும் தனித்தனியே போட்டி வைத்தார்கள். உயர்நிலைப் பள்ளி வயதினருக்கு அதுவே சரியான ஏற்பாடு என்று உறுதியாக நம்புகிறேன். சபாக்களும் அதைப் பின்பற்றலாம்.

என் மகனின் குரல் இப்போது ஒன்றரைக் கட்டையில் நிலைத்திருக்கிறது. 'விரிபோணி'யை மீண்டும் எடுத்திருக்கிறான்.

உங்கள் மகனுக்கு இன்னும் சுருதியை இறக்கவில்லையென்றால் இந்த வாரமே அவனுடைய ஆசிரியரிடம் பேசுங்கள். எந்தக் கட்டையில் நிற்கிறான் என்பதை அவர் முடிவு செய்யட்டும். போட்டிக்கு முன் குரல் இன்னும் இறங்கினால் சுருதியையும் கூடவே இறக்குங்கள், புதிதாகத் தேர்ந்தெடுத்த உருப்படியை மட்டும் மாற்றாதீர்கள். உச்சக் குரலில் கத்துவதையும், விளையாட்டு மைதானத்தில் கூச்சலிடுவதையும் அவன் குறைத்துக்கொள்ள வேண்டும். பக்கவாத்தியம் உண்டா, உண்டென்றால் தக்கு மிருதங்கம் கிடைக்குமா என்று பள்ளியின் பொறுப்பாசிரியர் மூலம் முன்கூட்டியே கேட்டு, சுருதி எத்தனை கட்டை என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். மேடைக்குப் பின்னால் வாதாடிக்கொண்டிருந்தால் பையன் பதற்றத்தோடு மேடையேற வேண்டியிருக்கும்.