சுவிட்ச்சுகளுக்கு இடையே பிழை ஏறுகிறது: கேள்வி பதில்

மதுரை வட்டாரத்தில் ஆலை, கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளைப் பராமரிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சுவிட்ச் என்றால் கணினிகளை இணைக்கும் பெட்டி; போர்ட் என்றால் அதில் கேபிளைச் செருகும் துளை. பாதிப் பேர் இணைப்பின் ஒரு முனையை மட்டுமே பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். இரு முனைகளின் பிழைக் கணக்கும் இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள், எதையும் வாங்காதீர்கள்.

கப்பலூர், ஆலைப் பராமரிப்பாளர்: இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவே காப்பர் கேபிள் போகிறது. இரண்டாவது ஷெட்டின் சுவிட்ச்சில் மட்டும் சிஆர்சி பிழை ஏறுகிறது. முதல் சுவிட்ச் சுத்தம். இரண்டாவதை மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். அனுப்பும் சுவிட்ச், ஒவ்வொரு ஃப்ரேமின் (தரவுப் பொட்டலத்தின்) கடைசியிலும் சிஆர்சி என்ற 4 பைட் சரிபார்ப்பு எண் ஒன்றை ஒட்டி அனுப்புகிறது. பெறும் சுவிட்ச் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கிறது. விடை பொருந்தாவிட்டால் பிழை என்று குறித்துக்கொண்டு ஃப்ரேமை எறிந்துவிடுகிறது. ஆகவே பிழையை எண்ணுவது பாதிக்கப்பட்டவர். குற்றவாளி முதல் ஷெட்டின் போர்ட்டாகவோ நடுவில் உள்ள கேபிளாகவோ இருக்கலாம்.

இரு முனைகளிலும் எண்ணிக்கையை அழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்ச் கார்டுகளை (முனைகளில் செருகும் குட்டைக் கேபிள்களை) மாற்றுங்கள். பிழை நிற்கவில்லையென்றால் ஒரு முனையில் மட்டும் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான். மூன்றைச் சேர்த்துச் செய்தால் பிழை நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தோடு பிழை ஏறும் நேரம் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். மின் கேபிள் போகும் அதே தட்டில் நெட்வொர்க் கேபிளையும் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். பேட்ச் கார்டுகளையும் சேர்த்து மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கட்டடத்துக்குக் கட்டடம் காப்பர் வேண்டாம். இரண்டு ஷெட்டின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஐப்பசி மழையில் பக்கத்தில் ஓர் இடி விழுந்தால் இரு பக்கத்துப் போர்ட்டும் சேர்ந்து போகும். ஃபைபர் போடுங்கள்.

திருமங்கலம்: சிஆர்சி 48,000 என்று காட்டுகிறது. ஆபத்தா?

எத்தனை நாளில்? அது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அழித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

மேலூர், கல்லூரி ஆய்வகம்: ஒரு முனையில் லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் ஃப்ரேம் மோதல்), மறுமுனையில் சிஆர்சி. ஆள் குறைவான நேரத்தில் ஓடுகிறது. வகுப்பு தொடங்கியதும் படுத்துவிடுகிறது.

இது டூப்ளெக்ஸ் முரண். ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிந்தால் ஃபுல் டூப்ளெக்ஸ், மாறி மாறித்தான் என்றால் ஹாஃப். ஒரு முனையை 100 மெகாபிட், ஃபுல் என்று யாரோ பூட்டியிருக்கிறார்கள். மறுமுனை ஆட்டோவில், அதாவது வேகத்தையும் டூப்ளெக்ஸையும் எதிர்முனையோடு பேசித் தீர்மானிக்கும் முறையில், இருக்கிறது. பூட்டிய பக்கம் பேச்சுவார்த்தைக்கு வராததால், ஆட்டோ பக்கத்தால் வேகத்தை மட்டுமே கண்டுபிடிக்க முடியும். டூப்ளெக்ஸை ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். லேட் கொலிஷன் அந்த ஹாஃப் பக்கத்தில் ஏறும், சிஆர்சி பூட்டிய பக்கத்தில் ஏறும். இரண்டையும் ஆட்டோவில் விடுங்கள்.

வில்லாபுரம், ஓய்வுபெற்ற பொறியாளர்: தம்பி, ஆட்டோவை நம்பக் கூடாது என்பதுதான் எங்கள் பாடம். பூட்டி வைத்த இணைப்புகள் ஆண்டுக்கணக்கில் ஓடின.

ஐயா, நீங்கள் படித்த காலத்துக்கு அந்தப் பாடம் சரி. 1995இல் வந்த ஆட்டோ விதிமுறையை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. சாதனங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 1998இல் விதி திருத்தப்பட்டது. 1999இல் வந்த காப்பர் ஜிகாபிட்டில் (செம்புக் கேபிளில் 1000 மெகாபிட்) ஆட்டோ கட்டாயம். எந்த முனையின் கடிகாரத்தை மற்றது பின்பற்ற வேண்டும் என்பதையே அந்தப் பேச்சுவார்த்தைதான் தீர்மானிக்கிறது.

மீண்டும் வில்லாபுரம்: 100இல் இரு முனையையும் பூட்டினால் என்ன கெட்டுவிடும்?

அன்றைக்கு எதுவும் கெடாது. ஒரு சுவிட்ச் பழுதாகி, புதியவர் ஒருவர் வந்து வேறொன்றை மாட்டுவார். அது ஆட்டோவில்தான் வரும். மேலூர்க் கல்லூரியில் நடந்தது அப்படியும் இருக்கலாம். உங்கள் இணைப்பு ஓடியது நீங்கள் அங்கே இருந்ததால், ஐயா. நீங்கள் இல்லாத நாளிலும் அது ஓட வேண்டும்.

அண்ணா நகர்: இணைய சேவை தருபவர் தம் பக்கத்தைப் பூட்டியிருக்கிறாராம். அப்போது?

அப்போது உங்கள் பக்கத்தையும் அதே அளவில் பூட்டத்தான் வேண்டும். வில்லாபுரம் ஐயாவின் கட்சி வெல்லும் ஒரே இடம் இது. பூட்டியதைக் கேபிளிலேயே சீட்டு ஒட்டி எழுதிவையுங்கள்.

சோழவந்தான்: சிஆர்சி 9,000 இருக்கிறது. கவலைப்படலாமா?

திருமங்கலத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இதே கேள்வியை அனுப்பிய மற்றவர்களும் அதையே படியுங்கள்.

உசிலம்பட்டி: 6 கிலோமீட்டர் ஒற்றை முறை ஃபைபர், இரு முனையிலும் ஜிகாபிட் எல்எக்ஸ் வகை எஸ்எஃப்பி (ஒளியை அனுப்பிப் பெறும் செருகி). பெறும் ஒளி −24 டிபிஎம் (ஒளி வலிமையின் அளவு). பிழை கொட்டுகிறது.

எண்ணோடு எழுதியதற்கு நன்றி. எல்எக்ஸ் பெறுமுனைக்குக் கீழ்வரம்பு −19. மறுமுனை மிகக் குறைந்த −11இல் அனுப்புவதாகவே வைத்துக்கொள்வோம். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.4 டெசிபல் இழப்பு வீதம் 6 கிலோமீட்டருக்கு 2.4; கனெக்டர், ஸ்ப்ளைஸ் (ஃபைபர் ஒட்டு) எல்லாவற்றுக்கும் 1.5 போடுங்கள். −15 வாக்கில் வந்திருக்க வேண்டும். 9 டெசிபல் வழியில் காணாமல் போகிறது. எஸ்எஃப்பியை மாற்றி இதற்குத் தீர்வு காண முடியாது.

முதலில் கனெக்டர்களைத் துடையுங்கள், இரு முனையிலும். ஒளி போகும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான். நம் ஊர்ப் புழுதியில் ஒரு துகள் போதும் அதை மறைக்க. சட்டைத் துணி வேண்டாம், ஃபைபருக்கென்றே உள்ள துடைப்பானை வாங்குங்கள். துடைத்தும் ஒளி ஏறவில்லையென்றால் ஓடிடிஆர் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். இழப்பு எத்தனையாவது மீட்டரில் என்று அது காட்டிவிடும். கூர்மையாக வளைத்துக் கட்டிய இடமாகவோ அணில் கடித்த இடமாகவோ இருக்கும். கண்ணை ஃபைபர் முனைக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது.

திருப்பரங்குன்றம்: அவுட்புட் டிராப் ஏறுகிறது. கேபிளை மாற்றட்டுமா?

வேண்டாம். அது பிழை அல்ல, நெரிசல்: போர்ட் அனுப்ப முடிவதைவிட அதிகமாக வரும் ஃப்ரேம்களைச் சுவிட்ச் விட்டுவிடுகிறது.

விளாங்குடி: பாதி விலையில் கேட் 6 கேபிள் கிடைக்கிறது. வாங்கலாமா?

அது அநேகமாகச் செம்பு பூசிய அலுமினியம். நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மின்தடை அதிகம், வளைத்தால் முறியும், கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் சூடேறும்.

வாடிப்பட்டி: வீட்டு வைஃபை மெதுவாக இருக்கிறது.

இது அதற்கான இடம் அல்ல.

ஒத்தக்கடை: நான்கு சுவிட்ச் வரிசையாக. எல்லா இணைப்பிலும் சிஆர்சி. எல்லாக் கேபிளும் சோதனையில் தேறிவிட்டன.

நல்ல கேள்வி. உங்கள் சுவிட்ச்சுகள் கட்-த்ரூ முறையில் ஓடுகின்றனவா? அந்த முறையில் ஃப்ரேம் முழுவதும் வந்து சேருமுன்பே அடுத்த போர்ட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். சரிபார்ப்பு எண் கடைசியில்தான் இருக்கிறது; பிழை தெரிவதற்குள் பாதி ஃப்ரேம் போய்விடும். ஒரே கெட்ட ஃப்ரேம் நான்கு இடத்திலும் கணக்கில் ஏறும். ஃப்ரேமை முழுதாக வாங்கிச் சரிபார்த்து அனுப்பும் சுவிட்ச் ஒன்று நடுவில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

கடைசிச் சுவிட்ச்சிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். எந்தப் போர்ட்டில் சிஆர்சி உள்ளே வருகிறதோ அதன் மறுமுனைச் சுவிட்ச்சின் கணக்கைத் திறந்து, அங்கும் வேறு போர்ட் வழியாகச் சிஆர்சி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இன்னும் பின்னால் போங்கள். வராத சுவிட்ச்சை எட்டியதும் நில்லுங்கள். அதற்கும் அதற்கு முந்திப் பார்த்ததற்கும் இடைப்பட்ட இணைப்புதான் கெட்டது. கணினியோ சர்வரோ நேரடியாகச் செருகிய போர்ட்டில் போய் நின்றால், அதன் நெட்வொர்க் கார்டையும் கேபிளையும் பாருங்கள். எங்கே நின்றீர்கள் என்று இரு முனையின் எண்களோடு எழுதுங்கள்.